எதிர்ப்புச் சக்தி என்னும் ஒரு சொல்



பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கடை வைத்திருக்கும் குடும்பத்துச் சகோதரி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். வாப்பாவின் நுரையீரலில் புற்றுநோய் கண்டு, ஒரு பகுதியை ஒப்பரேஷன் செய்து எடுத்து ஐந்து வாரமாகிறது. இனி நான்கு தடவை கீமோ ஏற்ற வேண்டும் என்று கிளினிக்கில் திகதி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நோய் விசாரிக்க வருவோரெல்லாம், "அந்த ஊசி இருக்கிற பலத்தையும் உறிஞ்சிப் போடும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுற பாணி வாங்கிக் குடுங்க, போதும்" என்கிறார்களாம். எதைக் கேட்பது என்று உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே குழப்பம்.

சகோதரி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். ஒப்பரேஷனுக்குப் பிந்திய கீமோவைப் பொதுவாக இரண்டு மாதத்துக்குள் தொடங்கிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் எங்கேனும் தங்கிவிட்ட நோயணுக்களை அழிப்பதற்காகத்தான் அது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008இல் வெளியான கணக்கின்படி, இந்த மருந்தேற்றியவர்களில் 100க்குச் சுமார் 5 பேர் ஐந்து வருடத்தின் பின் கூடுதலாக உயிரோடிருந்தார்கள். சிறிய எண் என்று தோன்றும். அந்த ஐந்து வீட்டாரிடம் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

பாணி விஷயத்துக்கு நம் சப்ரகமுவையை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் கேகாலை ஹெட்டிமுல்லையில் தேனும் சாதிக்காயும் சேர்த்த ஒரு பாணி, கொரோனாவை ஆயுளுக்கும் அண்டவிடாது என்று சொல்லப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர், இரத்தினபுரி மாவட்டத்தின் பவித்ரா வன்னியாரச்சி, அதைப் பலர் முன்னிலையில் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே கொரோனா தொற்றியது. தேனும் கருஞ்சீரகமும் நம் வீடுகளில் மதிப்போடு வைத்திருப்பவை. உணவாக அளவோடு கொடுப்பதை நான் தடுக்கவில்லை. அதைச் சாட்டாக வைத்துக் கீமோவை நிறுத்துவதைத்தான் தடுக்கிறேன். போத்தலில் விற்கும் செறிவான சாறுகள், கசாயங்கள் எதைக் கொடுப்பதானாலும் டொக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். சில, மருந்தின் வேலையையே மாற்றிவிடும்.

அப்படியானால் எதிர்ப்புச் சக்தி கொண்டு புற்றுநோயை வெல்வதென்பது வெறும் கதையா? இல்லை. வைத்தியர்களும் வெகுகாலமாக அந்த வழியைத் தேடினார்கள். பிறந்த பிள்ளைக்குக் கையில் ஏற்றுகிறார்களே பீ.சீ.ஜீ. ஊசி, அதையே நுரையீரல் ஒப்பரேஷன் முடிந்தவர்களின் நெஞ்சறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். 1976இல் அமெரிக்காவிலிருந்து நல்ல செய்தி வந்தது. பின்னர் பெரிய அளவில் சோதித்தபோது பயன் தெரியவில்லை. மேஜ்-ஏ3 என்ற தடுப்பூசியை ஒப்பரேஷனான 2,272 பேரைச் சேர்த்துச் சோதித்தார்கள். அதுவும் நோய் திரும்புவதைத் தடுக்கவில்லை என்று 2016இல் முடிவு வந்தது.

வழி திறந்தது வேறோர் இடத்தில். நம் உடம்பின் காவல் அணுக்கள் வெறிகொண்டு நம்மையே தாக்காதிருக்க, அவற்றில் பிரேக் போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது. புற்றுநோய் தந்திரமாக அந்தப் பிரேக்கை அழுத்திவிட்டுத் தப்பிக்கொள்கிறது. இதை ஆராய்ந்த ஜப்பானின் தசுகு ஹொன்ஜோவுக்கும் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. புதிய மருந்துகள் சக்தியை ஊட்டுவதில்லை, பிரேக்கை விடுவிக்கின்றன. பாணிக்கும் இதற்கும் பெயரில் மட்டுந்தான் உறவு.

ஒப்பரேஷனும் கீமோவும் முடிந்தபின் அட்டிசோலிசுமாப் என்ற மருந்தை ஒரு வருடம் ஏற்றிய ஆய்வு 2021இல் வெளியானது. கட்டியில் பீ.டி-எல்1 என்ற புரதம் உள்ள, இரண்டாம் கட்டமும் மூன்றின் தொடக்கமுமான நோயாளரில், மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 100க்கு 60 பேர். ஏற்றாதவர்களில் 48. ஆயுளும் கூடியதென்று ஐயமற நிறுவ அந்த ஆய்வால் இயலவில்லை. கத்தி வைக்கும் முன்பே கீமோவோடு நிவோலுமாப் மூன்று தடவை ஏற்றியவர்களிலோ, ஐந்து வருடத்தில் உயிரோடிருந்தோர் 100க்கு 65. கீமோ மட்டும் பெற்றோரில் 55. இது 2025இல் வந்த முடிவு. உங்கள் வாப்பாவுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது. இனிமேல் ஒப்பரேஷனுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்கலாம்.

பெண்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். புகையிலையைத் தொடாத நம் பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. அடுப்பில் றப்பர் விறகை ஊதி ஊதிக் குடிக்கும் புகையும் ஐயத்துக்குரியதே. புகைபிடிக்காத ஆசியப் பெண்களின் கட்டிகளில் ஈ.ஜீ.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் பலமுறை காணப்படுகிறது. அது இருந்தால் பிரேக் மருந்து அவ்வளவாகப் பலிப்பதில்லை. அதற்கு ஒசிமெர்டினிப் என்ற மாத்திரை உண்டு. ஒப்பரேஷனுக்குப் பின் அதை உட்கொண்டவர்களில் ஐந்து வருடம் வாழ்ந்தோர் 100க்கு 88, மற்றவர்களில் 78 என்று 2023இல் அறிவித்தார்கள். ஆகவே வெட்டி எடுத்த கட்டியை இந்த இரண்டுக்கும் சோதித்தார்களா என்று கிளினிக்கில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அறிக்கைகளை கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் வையுங்கள்.

பிரேக் தளர்ந்த காவலர்கள் சில வேளை நம் உறுப்புகளையே தாக்குவார்கள். ஓயாத வயிற்றோட்டம், புதிதாக வரும் இருமல், மூச்சிரைப்பு, தைரொயிட் கோளாறு ஆகியவை மருந்து தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் வரலாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் சாதாரண வயிற்றோட்டமென்று மருந்து வாங்கி விடாமல், இன்ன மருந்து ஏற்றுகிறோம் என்று சொல்லுங்கள்.

கீமோ நாட்களில் காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் பனடோல் கொடுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நடுச்சாமமானாலும் முச்சக்கர வண்டியைப் பிடித்து, அருகிலுள்ள பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வாசலிலேயே கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். எந்தச் சாரதியை எழுப்புவதென்று இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.