அம்மாவுக்கு ஒரு மிஷின்!

பர்ஸ் பக்கம்

இன்டர்னல்ஸ் முடிஞ்சுதா? ரெக்கார்ட் நோட்டுல கையெழுத்து வாங்கியாச்சா? இன்னும் இல்லையா... வெரிகுட், நம்ம ஆளுங்க!

இந்த வாரம் நாம பார்க்கப் போறது தையல் மிஷின். 'டேய், இது யூத் பக்கமா, சமையல் குறிப்புப் பக்கமா?'ன்னு என் ரூம்மேட்டே கேட்டுட்டான். மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு தையல் மிஷின்ல என்ன வேலைன்னு நீங்களும் நினைக்கலாம். இருங்க பாஸ், கதையைக் கேளுங்க. நடுவுல 700 ரூபாய் எப்படிப் போச்சுன்னும் சொல்றேன்.

எங்க ஊர் விருதுநகர். எங்க வீட்டுல கறுப்பு கலர்ல, தங்க கலர் பூ போட்ட ஒரு கால் மிஷின் இருந்தது. அம்மா கல்யாணத்துக்கு தாத்தா வாங்கிக் கொடுத்தது. நான் கவுன்சலிங் முடிச்சு காலேஜ் சேர்ந்த வருஷம், லீவுக்கு வீட்டுக்கு வந்தா மிஷின் இருந்த மூலையில தண்ணிக் குடம் இருக்கு. "யாருடா இப்பல்லாம் தைக்கிறா? இடத்தை அடைச்சுக்கிட்டு கிடந்துச்சு, கொடுத்துட்டேன்"னாங்க அம்மா. நானும் தலையாட்டிட்டு டி.வி-யைப் போட்டுட்டேன். அது என் ஹாஸ்டல் டெபாசிட்டா மாறின விஷயம் ஒரு வருஷம் கழிச்சு அப்பா வாய் தவறிச் சொன்னப்பதான் தெரிஞ்சது.

இந்தப் பத்திரிகையில இன்டர்னா சேர்ந்து முதல் மாசப் பணம் கைக்கு வந்ததும் நான் செஞ்ச முதல் வேலை, அம்மாவுக்கு ஒரு மிஷின் ஆர்டர் பண்ணினதுதான். ஸ்டேப்ளர் சைஸ்ல, கையில பிடிச்சு அழுத்தி அழுத்தித் தைக்கிற குட்டி மிஷின். விலை வெறும் 700 ரூபாய். படத்துல ஒரு அக்கா சிரிச்சுக்கிட்டே ஜன்னல் திரை தைச்சுக்கிட்டு இருந்தாங்க!

அம்மா தலகாணி உறை ஒண்ணு தைச்சாங்க. ரெண்டாவது நாள் நுனி நூல் எதுலயோ மாட்டி இழுக்க, ஒரு பக்கத் தையல் மொத்தமும் உருவிக்கிட்டு வந்துடுச்சு. "நல்லாத்தான்டா இருக்கு. எனக்குத்தான் கை பழகலை"ன்னு போன்ல சொன்னாங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பார்த்தேன். அந்த மிஷின் ஃப்ரிட்ஜ் மேல டப்பாவோட இருந்தது. அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு, அப்பா பேன்ட்டைக் கையாலயே மடிச்சுத் தைச்சுக்கிட்டு இருந்தாங்க.

சுருக்குனு இருந்தது ஃப்ரெண்ட்ஸ். அப்புறம்தான் ஒழுங்கா விசாரிக்கவே ஆரம்பிச்சேன்.

ஒரு நூலா, ரெண்டு நூலா?

அரிசி மூட்டை வாயில போட்டிருக்கிற தையலை சரியான நுனியைப் பிடிச்சு இழுத்தா சர்ர்ர்னு முழுசா உருவிட்டு வருமே, பார்த்திருக்கீங்களா? அது சங்கிலித் தையல். நான் வாங்கின ஸ்டேப்ளர் மிஷின் போட்டதும் ஒரே ஒரு நூல்ல அதே மாதிரி தையல்தான். மூட்டைக்கு அது வசதி, சீக்கிரம் பிரிக்கலாம். ஜாக்கெட்டுக்கு? மானம் போயிடும்!

நிஜமான தையல் மிஷின் போடுறது லாக் ஸ்டிச். ஊசியில ஒரு நூல், கீழே பாபின்ல ஒரு நூல். ரெண்டும் துணிக்கு நடுவுல ஒண்ணையொண்ணு கோத்துக்கும். ஒரு இடத்துல அறுந்தாலும் மொத்தமா உருவாது. அமெரிக்காவுல எலியாஸ் ஹோவ் 1846-ல் பேட்டன்ட் வாங்கின மிஷினும், ஐசக் சிங்கர் 1851-ல் பேட்டன்ட் வாங்கின மிஷினும் இந்த லாக் ஸ்டிச் தத்துவம்தான். ஸோ, முதல் கேள்வி, 'பாபின் இருக்கா?' இல்லைன்னா, எவ்வளவு சீப்பா இருந்தாலும் நகர்ந்துடுங்க.

கேட்கவே இல்லையே!

அடுத்த கட்டமா, 'இந்த முறை பெருசா வாங்கிடணும்'னு குதிச்சேன். 12 வகைத் தையல், 20 வகைத் தையல்னு வெள்ளை கலர்ல பளபளன்னு இருக்கிற கரன்ட் மிஷின்களா பார்த்தேன். விலை 9,000-க்கு மேல. என்கிட்ட இருந்தது மூணு மாசம் சேர்த்த 6,000.

அப்பதான் மண்டையில உறைச்சது. இவ்வளவு நாளா 'உங்களுக்கு என்னம்மா தைக்கணும்?'னு நான் கேட்கவே இல்லை! கேட்டதும் அம்மா விரல் விட்டு எண்ணினாங்க. ஜாக்கெட்டுக்கு தையல் பிரிச்சு லூஸ் விடணும். சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கணும். அப்பா பேன்ட்டுக்கு கீழே மடிச்சு அடிக்கணும். தலகாணி உறை, ஜன்னல் திரை, பழைய சேலையில கட்டைப்பை. அவ்வளவுதான்.

இதுல ஒண்ணுக்குக்கூட 12 வகைத் தையல் வேணாம் பாஸ். எல்லாமே நேர்த் தையல்!

உங்க வீட்டு லிஸ்ட் வேற மாதிரி இருக்கலாம். டி-ஷர்ட், லெக்கிங்ஸ் மாதிரி இழுபடுற துணி தைக்கணுமா? நேர்த் தையல் போட்டா இழுக்கும்போது நூல் பட்டுனு அறுந்துடும். அதுக்கு ஜிக்ஜாக் தையல் வேணும். மிஷின்லயே பட்டன் ஓட்டை போடணும், துணி ஓரம் பிசிறு வராம அடிக்கணும்னாலும் ஜிக்ஜாக் மிஷின்தான் சரி. ஆனா கடையில போடுற பீக்கோ மாதிரியே வீட்டு ஜிக்ஜாக்குல வந்துடும்னு நம்பி மட்டும் வாங்காதீங்க.

ஸோ, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல லிஸ்ட் போடுங்க. அடுத்த ஒரு வருஷத்துல நிஜமாவே தைக்கப் போற பத்து ஐட்டம். பத்தும் நேர்த் தையல்னா கறுப்பு மிஷினே போதும். மூணு, நாலுக்கு ஜிக்ஜாக் வேணும்னா, இன்னும் கொஞ்ச நாள் சேர்த்து அதையே வாங்குங்க. நடுவுல மாட்டிக்கிட்டு, ஸ்டேப்ளர் மாதிரி எதையாவது வாங்கினா என் கதிதான்.

கறுப்பா, வெள்ளையா?

நான் ஏறி இறங்கின நாலு கடையில கேட்ட விலை இது. உங்க ஊர்ல கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

கறுப்பு மிஷின்: நேர்த் தையல் மட்டும். தலை மட்டும் 4,500-ல இருந்து 6,000. மேஜை, கால் ஸ்டாண்டு சேர்த்தா இன்னும் ஒரு 2,000. இரும்பு உடம்பு, தலையே பத்து கிலோவுக்கு மேல இருக்கும், ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. ஆனா கரன்ட் வேணாம். பாபின், பெல்ட், ஊசி எல்லாம் சின்ன ஊர்லகூட கிடைக்குது. பார்க்கத் தெரிஞ்ச மெக்கானிக்கும் கிடைப்பார். பின்னாடி மோட்டாரும் மாட்டிக்கலாம்.

வெள்ளை மிஷின்: கரன்ட்ல ஓடும், ஜிக்ஜாக் உண்டு. ஆறு கிலோ சுமாருக்கு இருக்கும். அலமாரியில தூக்கி வெச்சுடலாம். விலை 9,000-ல இருந்து 13,000. வாங்குறதுக்கு முன்னாடி ரிப்பேருக்கு எங்கே எடுத்துட்டுப் போகணும்னு கேட்டுக்கோங்க. பக்கத்துல சர்வீஸ் சென்டர் இல்லைன்னா, ஒரு சின்ன பார்ட் போனாக்கூட பஸ் ஏறணும்.

விலை கம்மியா இருக்கிறது வேற, நமக்குக் கட்டுப்படியாகுறது வேற. 700 ரூபாய்க்கு வாங்கி ஃப்ரிட்ஜ் மேல வெச்சதுதான் நான் வாங்கினதுலயே காஸ்ட்லி மிஷின்!

கடையில மானம் போன கதை

மிஷினைக் கண்ணால பார்த்து வாங்கக் கூடாது, தைச்சுப் பார்த்துதான் வாங்கணும். நானும் அம்மாவும் வீட்டுல இருந்தே துண்டுத் துணி எடுத்துட்டுப் போனோம். பழைய வேட்டித் துணி, வழுக்குற சிந்தெடிக் சேலைத் துண்டு, நாலு மடிப்பா மடிச்ச ஜீன்ஸ் துணி. கடைக்காரர் தர்ற மொடமொட காட்டன்ல எல்லா மிஷினும் அழகாத்தான் தைக்கும். உங்க துணியில தைக்குதான்னுதான் பார்க்கணும்.

"தம்பி இன்ஜினீயரிங்கா? உட்கார்ந்து ஓட்டிப் பாருங்க"ன்னார் கடை அண்ணாச்சி. கெத்தா உட்கார்ந்து மிதிச்சேன். சக்கரம் பின்பக்கமா சுத்தி நூல் சிக்கி, டப்புனு அறுந்தது. மறுபடி மிதிச்சா, மிதி ஒரே இடத்துல நின்னுடுச்சு. அசையவே இல்லை. அண்ணாச்சி சிரிச்சுட்டார். எனக்கு கைனமேட்டிக்ஸ் புத்தகம் கண் முன்னாடி வந்து போச்சு. கால் மிஷினோட மிதி, ஃபோர் பார் மெக்கானிசத்துக்கு நேரடி உதாரணம். கம்பியும் கிராங்க்கும் ஒரே கோட்டுல வந்துட்டா அது 'டெட் சென்டர்'. எவ்வளவு மிதிச்சாலும் சுத்தாது. பரீட்சையில படம் போட்டு மார்க் வாங்கினவன் நான்!

அம்மா என்னை எழுப்பிட்டு உட்கார்ந்தாங்க. கையால மேல் சக்கரத்தைத் தன் பக்கமா லேசா ஒரு தள்ளு. அப்புறம் கால். டகடகடகன்னு ஜீன்ஸ் நாலு மடிப்புல ஊசி ஏறி இறங்குது. "டெட் சென்டராம்... கையால ஒரு தள்ளு தள்ளுனா போகுது"ன்னாங்க.

தைச்ச துணியைத் திருப்பிப் பாருங்க. அடியில வளையம் வளையமா தொங்குதா? மேல் நூல் லூஸா இருக்கு, இல்லைன்னா தப்பா கோத்திருக்கு. மேல்பக்கம் அடிநூல் புள்ளி புள்ளியா தெரியுதா? மேல் நூல் ரொம்ப டைட். டென்ஷனைத் திருகி இதைச் சரிபண்ணிக் காட்டச் சொல்லுங்க. என்ன திருகியும் சரியாகலைன்னா அந்த மிஷின் வேண்டாம். துணியை நாம இழுக்காமலேயே, அடியில இருக்கிற பல் அதை நேரா நகர்த்திட்டுப் போகுதான்னும் கவனிங்க. இழுத்து இழுத்துத் தைச்சா ஊசி வளைஞ்சு தட்டுல இடிச்சு உடையும்.

பழசுன்னா பரவாயில்லையா?

பரவாயில்லை. ஆனா நாலு விஷயம் பாருங்க. சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டினா கடகடன்னு ஆடக் கூடாது. ஊசி பிடிக்கிற கம்பி பக்கவாட்டுல லொடலொடன்னு இருக்கக் கூடாது. பல் தேய்ஞ்சிருக்கக் கூடாது. ஷட்டில் இருக்கிற இடத்துல துரு இருக்கக் கூடாது. கூடவே, அந்த மிஷினுக்கு பாபினும் பாபின் கேஸும் கடையில சாதாரணமா கிடைக்குதான்னு கேளுங்க. ரொம்பப் பழைய மாடல்ல நீள ஷட்டில் இருக்கும். அதுக்கு பார்ட் தேடி அலையணும்.

நாங்க வாங்கினதும் பழசுதான். கடையிலேயே பிரிச்சு சர்வீஸ் பண்ணி, ஆறு மாச கியாரன்டியோட, ஸ்டாண்டு சேர்த்து 4,000. அம்மாவுக்கு முட்டி வலி இருக்கிறதால 1,400-க்குப் புது மோட்டார். கரன்ட் போனா மோட்டார் பெல்ட்டைக் கழட்டிட்டு கால் பெல்ட்டை மாட்டிக்கலாம். மிச்சம் 600-ல கத்திரிக்கோல், எண்ணெய், ஊசி. இந்தச் சில்லறைச் செலவையும் பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க மக்களே!

வீட்டுக்கு வந்ததும்...

சாதாரண காட்டனுக்கு 14-ம் நம்பர் ஊசி, மெல்லிசு துணிக்கு 11, ஜீன்ஸுக்கு 16. மேல் நூல் கோக்கும்போது துணியை அழுத்துற பாதத்தைத் தூக்கி வெச்சுக்கோங்க. அப்பதான் நூல் டென்ஷன் தட்டுக்குள்ள ஒழுங்கா உட்காரும். 'மிஷின் ரிப்பேர்'னு கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி, நூலை முழுசா எடுத்துட்டு மறுபடி கோத்துப் பாருங்க. ஊசியையும் மாத்திப் பாருங்க. பாதிப் பிரச்னை அதுலயே தீர்ந்துடும். ஷட்டில்ல சேர்ற பஞ்சை பிரஷ்ஷால தட்டி விடணும். கறுப்பு மிஷினுக்கு தையல் மிஷின் எண்ணெய் மட்டும்தான் விடணும். தேங்காய் எண்ணெய் விட்டா நாளடைவுல பிசினா இறுகி, மிஷினையே நிறுத்திடும்.

இன்னொரு விஷயம். வசதி இல்லாத, தையல் தெரிஞ்ச பெண்களுக்கு தமிழக அரசோட சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டம் இருக்கு. கணவரை இழந்தவங்க, கைவிடப்பட்டவங்க, மாற்றுத் திறனாளிகள்னு யார் யாருக்குன்னு விதிகள் உண்டு. உங்க தெருவுல யாராவது இருந்தா, மாவட்ட சமூக நலத்துறை ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க. ஒரு ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கிறதுகூட ஹெல்ப்தானே!

கடைசியா ஒண்ணு. மிஷினை ஆட்டோவுல ஏத்திட்டு வரும்போது "ஏன்மா அன்னிக்கு என்கிட்ட சொல்லலை?"ன்னு கேட்டேன். "சொன்னா நீ சேர்ந்திருப்பியாடா?"ன்னு கேட்டுட்டு வெளியே பார்த்துக்கிட்டாங்க. பதில் சொல்லத் தெரியலை.

தண்ணிக் குடம் இப்ப அடுப்படிக்குப் போயிடுச்சு. பழைய மூலையில மிஷின். மொதல் வேலையா, பாக்கெட் கிழிஞ்ச என் வொர்க்‌ஷாப் கோட்டை அடிச்சுக் கொடுத்தாங்க. இழுத்து இழுத்துப் பார்த்துட்டேன், உருவலை!

ஸோ ஃப்ரெண்ட்ஸ், வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கப் போறீங்களா? அதை யூஸ் பண்ணப் போறவங்க கிட்ட முதல்ல கேளுங்க. முடிஞ்சா கடைக்கும் கூட்டிட்டுப் போங்க. 700 ரூபாய் கொடுத்து நான் கத்துக்கிட்ட பாடம், உங்களுக்கு ஃப்ரீ!

அடுத்த வாரம் வேற ஒரு பர்ஸ் பிரச்னையோட வர்றேன். டாட்டா!