அத்தாட்சி அவளிடம் மட்டும்தானா?



தாராவியிலும் செம்பூரிலும் நம் பெண்கள் ரேஷன் அலுவலகப் படிகளை ஏறி இறங்குகிறார்கள். பிரிந்துபோன கணவனின் கார்டில் தன் பெயரும் பிள்ளைகளின் பெயரும் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால், அந்த அரிசி யார் வீட்டு உலையில் வேகிறது? அவர்கள் கேட்பது இவ்வளவுதான். கிடைக்கும் பதில் என்ன? "நீ யார்? அவன் பெண்டாட்டி என்பதற்கு என்ன அத்தாட்சி? விலகியதற்கு என்ன அத்தாட்சி? அவனைக் கூட்டி வா!"

கூப்பிட்டால் வருகிறவனாக இருந்தால் அவள் ஏன் அந்த வரிசையில் நிற்கப்போகிறாள்?

ரேஷன் கார்டில் பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண்ணே குடும்பத் தலைவி என்கிறது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஏட்டிலே தலைவி, சன்னலிலே அநாதை!

"பிறர் விவரம் தரமாட்டோம்" என்கிறார்கள். அந்தக் காவல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அடிக்குப் பயந்து ஓடிவந்தவளின் முகவரியை எவனும் கேட்டு வாங்கிவிடக் கூடாது. ஆனால் தன் பெயர் எந்தக் கார்டில் இருக்கிறது என்பது பிறர் விவரமா? பெற்ற தகப்பனின் சம்பளம் பிள்ளையின் சோற்றுக் கணக்கில் சேராதா?

2020 நவம்பரில் மத்திய தகவல் ஆணையம், கணவனின் மொத்த வருமானத்தை மனைவிக்குச் சொல்லும்படி ஒரு வழக்கில் ஆணையிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தமோ, தனிப்பட்ட தகவல் என்ற ஒரே சொல்லால் கதவை மூட வழி செய்துவிட்டது. ஆயினும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மறைப்பதால் வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிதானால் தகவலைக் கொடுக்கலாம். மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

நீதிமன்றத்தின் கதவு இதைவிட அகலமானது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்படி, மறுமணம் செய்யாத, தன்னைத் தானே காத்துக்கொள்ள வழியில்லாத, விவாகரத்தான பெண்ணும் ஜீவனாம்சம் கேட்கலாம். அவன் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. அவள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் இருவரும் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்று 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அங்கேயாவது அத்தாட்சி அவனிடமும் கேட்கப்படுகிறது!

அலுவலகத்தை மட்டும் ஏசினால் போதுமா? நம் முதுகையும் பார்ப்போம். கோயிலிலே தாலி, மண்டபத்திலே விருந்து; பதிவு மட்டும் "பிறகு பார்க்கலாம்". திருமணங்களைப் பதிவு செய்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2006இல். பிணக்கு வந்தால் ஊர்ப் பெரியவர்கள் கூடி வாய்ச்சொல்லில் தீர்த்து வைக்கிறார்கள். அந்தப் பெண் கையில் ஒரு தாள்கூட மிஞ்சுவதில்லை. அலுவலகம் கேட்கும் அத்தாட்சியை இல்லாமல் செய்தவர்கள் நாமும்தான்!

ஆகவே சொல்கிறோம்: பதிவுச் சான்று காட்டாத திருமணத்துக்குச் சங்கம் மண்டபம் தரக் கூடாது. எழுத்தில் இல்லாத பஞ்சாயத்துக்குச் சங்க நிர்வாகிகள் போகக் கூடாது. ரேஷன் அலுவலகத்துக்குப் போகும் பெண்ணைத் தனியே அனுப்பக் கூடாது.

"நீ யார்?" என்று அவளைக் கேட்டால், "எங்கள் பெண்!" என்று சொல்ல நாம் பத்துப் பேர் பக்கத்தில் நிற்போம்.