சொல்லும் வாய்க்கும் எழுத்து உண்டு

செரம்பானுக்குத் தெற்கே, ரெம்பாவ் மாவட்டத்தில், வெந்நீர் ஊற்றால் பெயர்பெற்ற சிற்றூர் பெடாஸ். அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் ரப்பர் மரங்கள் நிரை நிரையாய் நின்ற காலத்தில், கடிதம் எழுதுவது பெரும்பாலோர்க்குக் கையின் தொழிலாக இருந்ததில்லை. வாயின் தொழிலாகவே இருந்தது. மரம் சீவிய கைக்குக் கத்தி பழகியிருந்தது, எழுதுகோல் பழகவில்லை. ஊரில் இருக்கும் தாய்க்கும் தமையனுக்கும் உரைக்க வேண்டியதைத் தொழிலாளி சொன்னான்; கிராணியாரோ தோட்டப் பள்ளி ஆசிரியரோ எழுதினார். தாளில் இருந்தது ஆசிரியரின் கையெழுத்து. ஆயினும் அது யாருடைய கடிதம் என்று கேட்டால், சொன்னவனுடைய கடிதம் என்பதே விடை. அதனைப் பெற்ற தாய் மகனின் சொல்லுக்காகவே அழுதாள். எழுதியவரின் எழுத்தழகுக்காக அன்று.

அன்று ஆசிரியர் செய்த அந்தப் பணியை இன்று கைப்பேசி செய்கிறது. கை இயங்காதவரும் கண் தெரியாதவரும் வாயால் சொல்ல, அது கேட்டு எழுத்தாக்கி, மின்னஞ்சலாக அனுப்பி வைக்கிறது. வரவேற்க வேண்டிய இம்மாற்றத்தைத் தமிழ் கற்பிப்போரிலும் எழுதுவோரிலும் ஒரு சாரார் முகஞ்சுளித்தே நோக்குகின்றனர். “சொல்வது எழுத்தாகுமா? இது சோம்பலுக்கு வழி, பிழை மலியும், கொச்சை அரியணை ஏறும்” என்பன அவர்கள் அடுக்கும் குற்றச்சாட்டுகள். எழுத்தைக் காக்கும் ஆர்வத்தில் எழுத இயலாதவரை வாயிற்புறத்தே நிறுத்தும் இவ்வாதங்களைத் தமிழறிந்தோர் எடைபோட்டுப் பார்ப்பது கடமை.

சொல்வது எழுத்தாகாது என்றால் தமிழ் இலக்கியத்தின் பெரும் பகுதியைத் தள்ளிவிட நேரும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) செய்யுள்களை வாயால் சொல்லிச் செல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுத்தாணியால் எழுதினர். அவ்வாறு எழுதியவர்களுள் ஒருவர் உ.வே. சாமிநாதையர். பிள்ளையவர்களைச் சோம்பேறி என்று சொல்லத் துணிந்தவர் உண்டா? கண்பார்வை அற்ற அந்தகக்கவி வீரராகவ முதலியார் 17ஆம் நூற்றாண்டில் பிள்ளைத்தமிழும் புராணமும் பாடினார். முதுகில் எழுதிக் காட்டச் செய்து எழுத்தறிந்தார் என்பது அவரைப் பற்றிய வழக்கு. இளமையிலேயே அம்மை நோயால் பார்வை இழந்த பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836-1884) சொன்ன பாடல்களையும் பிறர் கைகளே எழுதின. இரட்டைப் புலவருள் ஒருவர் முடவர், மற்றவர் குருடர். ஒருவர் தொடங்க மற்றவர் முடித்தார் என்பர். மேலை நாட்டில் 1652ஆம் ஆண்டளவில் பார்வையை முற்றும் இழந்த மில்டன், 1667இல் வெளிவந்த தம் பெருங்காப்பியத்தைச் சொல்லியே எழுதுவித்தார். இவர்களை ஏற்று வகுப்பறையில் பாடமாக நடத்தும் ஆசிரியர், பெடாஸில் ஒருவர் கைப்பேசியிடம் சொல்லி எழுதும்போது மட்டும் அது எழுத்தன்று என்பது நடுவுநிலை ஆகாது. புலவர்க்கு ஒரு நீதி, பாட்டாளிக்கு ஒரு நீதி என்பதே அதன் உட்பொருள்.

அடுத்தது சோம்பல் என்னும் வாதம். கைகால் நலத்தோடு இருப்பவன் சொல்லி எழுதுவதைச் சோம்பல் எனலாம்; அதிலும் வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் இங்கே பேசப்படுவோர் வேறு. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் நீண்ட கழியில் பொருத்திய அரிவாளால் குலை அறுத்த உடல்கள் முதுமையில் எத்தகைய நிலையில் இருக்கின்றன என்பதை அப்பக்கத்து ஆசிரியர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பக்கவாதத்தால் வலக்கை வீழ்ந்தவர் உண்டு. நீரிழிவால் பார்வை மங்கியவர் உண்டு. பிறவியிலேயே தசை இறுகி விரல் மடங்காத பிள்ளை உண்டு. இவர்களுக்கு விசைப்பலகை மூடிய கதவு.

இத்தகைய ஒரு முதியவரை எண்ணிப் பார்க்கலாம். சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம் குறித்து அவர் எழுத வேண்டும். உடற்பேறு குறைந்தோர் அட்டைக்காகச் சமூகநலத் துறைக்கு எழுத வேண்டும். மகன் தொழிற்சாலையின் இரவு வேலை முடிந்து வந்து, உறங்கி எழுந்து, மனம் இருந்தால் எழுதுவான். இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் எழுத வேண்டிய முறையீடு அந்த மகனைப் பற்றியதாகவே இருந்தால்? ஓய்வூதியப் பணம் தம் கைக்கு வருவதில்லை என்று சொல்ல விரும்பினால்? அதனை மகனிடமே சொல்லி மகன் கையாலேயே எழுதச் செய்ய முடியுமா? மருமகளைப் பற்றி, அண்டை வீட்டாரைப் பற்றி, தம் உடலில் உள்ள மறைவான நோயைப் பற்றி அவர் யாரிடம் சொல்லி எழுதுவது? பிறர் கையை நம்பியிருப்பவர்க்குச் சொல்லக்கூடியவை இவை, சொல்லக்கூடாதவை இவை என்று அந்தக் கையே வரம்பு கட்டிவிடுகிறது. குரல்வழி எழுத்து அவருக்குத் தருவது வெறும் வசதி அன்று. தனியே பேசும் உரிமை. இதனைச் சோம்பல் என்று பெயரிடுவது, ஊன்றுகோல் பிடித்தவனை நடக்கச் சோம்பியவன் என்று ஏசுவதற்கு ஒப்பாகும்.

பிழையும் கொச்சையும் பற்றிய மூன்றாம் வாதம், முன்னவற்றினும் கூர்ந்து நோக்கத் தக்கது. பேச்சைக் கேட்டு அறியும் பொறி நேற்று முளைத்ததன்று. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான ‘ஆட்ரி’ என்னும் பொறி, சொல்லப்பட்ட எண்களை மட்டும் இனங்கண்டது. 1962இல் ஐபிஎம் நிறுவனம் காட்டிய பொறி 16 சொற்களை அறிந்தது. தொடர்ந்து பேசும் பேச்சை எழுத்தாக்கும் ‘டிராகன்’ மென்பொருள் 1997இல் ஆங்கிலத்திற்கு வந்தது. ஐபோனின் ‘சிரி’ 2011இல் வந்தது. தமிழ் காத்திருந்தது. 2017 ஆகஸ்டில்தான் கூகுள் நிறுவனம் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது. இன்று அந்நிறுவனத்தின் பேச்சுணர் சேவைப் பட்டியலில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு நாட்டுத் தமிழ் தனித்தனியே பெயர் பெற்றுள்ளது.

பெயர் பெற்றதனால் பேச்சு புரிந்துவிட்டது என்று கொள்ள வேண்டா. பொறி செய்வது யாது? குரலை நொடியின் நூற்றில் ஒரு கூறு போன்ற சிறு துண்டுகளாக நறுக்குகிறது. அவ்வொலிகள் எந்தச் சொல்லாக இருக்கக்கூடும் என்று, முன்னர்க் கேட்ட பேச்சையும் முன்னர்ப் படித்த எழுத்தையும் கொண்டு கணிக்கிறது. கேளாத பேச்சையும் படியாத சொல்லையும் அது அறியாது. “வந்துவிட்டேன்” என்று எழுதும் இனம் “வந்துட்டேன்” என்று பேசுகிறது. தோட்டத்து முதியவர் அலுவலகத்தைப் ‘பெஜாபாட்’ என்பார். சந்தையைப் ‘பாசார்’ என்பார். இச்சொற்கள் அச்சில் ஏறாமல் நெடுங்காலம் தடுத்தவர் யார்? கொச்சை என்று சிவப்பு மையால் அடித்தவர் யார்? மேடைக்கும் ஏட்டுக்கும் ஆகாது என்று தள்ளப்பட்ட பேச்சு, பொறியின் பாடத்திலும் இடம்பெறாமற் போவதில் வியப்பு என்ன? பொறி தமிழைக் கெடுக்கிறது என்று குறை கூறுவோர், தமிழரின் ஒரு பகுதிப் பேச்சைப் பொறிக்குக் கிட்டாமற் செய்ததில் தமக்கும் பங்குண்டு என்பதை உணர வேண்டும்.

பிழை நேரும் என்பதும் உண்மையே. ஆனால் எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டும் தமிழ்க் குரலும் இன்று உண்டு. காதால் கேட்டுத் திருத்தலாம். அதன் பின்னும் ஒரு லகர ளகரம் பிறழ்ந்தால், அம்முதியவரின் விண்ணப்பம் பொருளிழந்து போகுமா? எழுத்துப்பிழை திருத்தக்கூடியது, எழுதப்படாத விண்ணப்பத்திற்குத் திருத்தம் இல்லை.

இப்பொறியின் மெய்யான குறை வேறிடத்தில் உள்ளது. யாருக்கு அது மிகத் தேவையோ அவர் பேச்சே அதற்கு மிகக் குறைவாக விளங்குகிறது. பக்கவாதம் கையை மட்டும் தாக்குவதன்று. பலருக்கு நாவையும் குழறச் செய்கிறது. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த பிள்ளையின் விரலும் மடங்காது, சொல்லும் தெளியாது. நலமுள்ளவர் குரலைக் கேட்டு வளர்ந்த பொறி, குழறிய குரல் கேட்டதும் ஏதேதோ எழுதுகிறது. இக்குறையைக் களையக் கூகுள் நிறுவனம் 2019இல் ‘யூஃபோனியா’ என்னும் திட்டத்தை அறிவித்து, பேச்சுக்குறை உடையோர் குரலைத் திரட்டத் தொடங்கியது. தமிழிலும் ஒரு நன்முயற்சி நடந்துள்ளது. சென்னையை அடுத்த எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியின் பேச்சாய்வுக்கூடம், முட்டுக்காட்டிலுள்ள பல்வகை ஊனமுற்றோர்க்கான தேசிய நிறுவனத்தோடு இணைந்து, குழறிய பேச்சுடைய 20 தமிழரின் குரலைப் பதிவு செய்தது. அத்தொகுப்பு 2021இல் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 8 மணி நேரப் பேச்சு அதில் உள்ளது. போற்றத்தக்க தொடக்கம் அது. ஆனால் எட்டுக் கோடித் தமிழர்க்கு அந்த 20 குரல்கள் போதுமா? பெடாஸ் தோட்டத்தில் குழறும் ஒரு முதியவரின் மலாய் கலந்த தமிழ் அதிலிருந்து விளங்கிவிடுமா? கொச்சை பற்றிக் கவலைப்படுவோர் தம் ஆற்றலைச் செலவிட வேண்டிய களம் இதுவே.

இன்னொரு வினாவும் எழுப்பப்படுகிறது: “அலுவலகங்களுக்கு மலாயில்தானே எழுத வேண்டும்? தமிழில் சொல்லி என்ன பயன்?” இது நடைமுறை அறிந்தவர் வினா, ஆயினும் பாதியே அறிந்தவர் வினா. வலியையும் இழப்பையும் மனிதன் தாய்மொழியில்தான் ஒழுங்காகச் சொல்ல வல்லவன். தமிழில் தெளிவாகச் சொல்லப்பட்டதை மலாயில் ஆக்குவது இன்றைய பொறிக்கும் எளிது, பக்கத்து வீட்டு மாணவனுக்கும் எளிது. தெளிவற்ற மலாயில் சொல்லப்பட்டதைச் செம்மை செய்வதோ யார்க்கும் அரிது. மேலும், மனித வாழ்வு அலுவலகத்தோடு முடிவதன்று. பேரனுக்கு மடல் எழுதவும் நாளேட்டுக்குக் கருத்துரைக்கவும் தம் வாழ்க்கையைக் கதையாக்கவும் உடற்பேறு குறைந்தவர்க்கு உரிமை இல்லையா?

உரிமை என்ற சொல் வந்ததால் சட்டத்தையும் நோக்க வேண்டும். மலேசியாவின் உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. அதன் 30ஆம் பிரிவு தகவலையும் தொடர்பையும் தொழில்நுட்பத்தையும் பெறும் உரிமையை மற்றவர்க்கு ஒப்ப அவர்களுக்கும் வழங்குகிறது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் மலேசியா 2010இல் ஏற்றது. ஆயின் அச்சட்டத்தை மீறுவோர்க்குத் தண்டனை வகுக்கப்படவில்லை. 41ஆம் பிரிவும் 42ஆம் பிரிவும் அரசை வழக்கிலிருந்து காக்கும் கவசங்களாக நிற்கின்றன. தாளில் உள்ள உரிமையைத் தெருவுக்குக் கொண்டுவரச் சமூகம் குரல் எழுப்ப வேண்டும். அக்குரல் எழுப்ப வேண்டியவர் கையிலேயே எழுதும் கருவி இல்லை என்றால், யார் எழுப்புவது?

ஒன்றை மட்டும் எதிர்ப்போர் பக்கமே நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். பேசும் குரல் பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனத்தின் கணினிக்குச் சென்றே எழுத்தாகித் திரும்புகிறது. கிராணியாரிடம் சொன்ன மறைபொருள் மாலைக்குள் லயம் முழுவதும் பரவியது அன்று. கைப்பேசியிடம் சொன்ன மறைபொருள் அயலாரை எட்டாவிடினும் நிறுவனத்தை எட்டுகிறது இன்று. இவ்வச்சம் பொருளற்றதன்று. கருவிக்குள்ளேயே நின்று எழுதும் வழியைத் தேர்வதும், எதனை எங்கே சொல்லலாம் என்று முதியவர்க்குக் கற்பிப்பதும் இதற்கு மாற்று. கள்வர் திரிகிறார்கள் என்பதற்காக வீடே வேண்டாம் என்பார் இலர்.

தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் மலேசியர் உண்டு. முத்து நெடுமாறன் 1980களில் ‘முரசு’ மென்பொருளை ஆக்கினார். 2005இல் ‘செல்லினம்’ வழி கைப்பேசியில் தமிழ் எழுத வைத்தார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. விரலால் தமிழ் எழுத வழிவகுத்த இந்நாடு, குரலால் எழுதுவதில் மட்டும் பின்தங்குவது பொருந்துமா?

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. மோசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ என்னும் பொதுத் திட்டத்தில் எவரும் தமிழ்த் தொடர்களைப் படித்துக் குரல் கொடையாக வழங்கலாம். பிறர் படித்ததைச் சரிபார்க்கலாம். மொழிக்கழகங்கள் ஆண்டுக்கொரு வாரத்தை இதற்கென ஒதுக்கலாம். இசைவு பெற்றுத் தோட்டத்து முதியோர் பேச்சையும் பதியலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வட்டாரத்தில் ஒருவர்க்கேனும் கைப்பேசியில் தமிழ்க் குரல்வழி எழுத்தை அமைத்துக் கொடுத்து, முதல் மின்னஞ்சல் போகும்வரை உடனிருந்து, பின்னர் எழுந்து வெளியே வந்துவிடலாம். அவ்வாறு வெளியே வருவதுதான் அப்பணியின் சிறப்பு. ஏனெனில் அடுத்த மடலை அவர் தனியே சொல்ல வேண்டும்.

தோட்டத்து ஆசிரியர் ஒருகாலத்தில் எழுதத் தெரியாதவரின் கையாக இருந்தார். மண்ணெண்ணெய் விளக்கடியில் அமர்ந்து, பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுத்தார். கொச்சை என்று எவரையும் திருப்பி அனுப்பவில்லை. அவர் வழிவந்தோர் இன்று எழுத இயலாதவரின் குரலைப் பொறிக்குப் புரியவைக்கும் கடனையேனும் ஏற்க வேண்டும். பெடாஸில் ஒரு வாய் பேசக் காத்திருக்கிறது. அது சொல்வதும் தமிழே. எழுதப்பட்டால் அதுவும் எழுத்தே.