அழிப்பதற்கு முன் வாசியுங்கள்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகல். களுதாவளையில் என் வீட்டு மேசைக் கணினியில் உபுண்டு லினக்ஸின் 22.04 பதிப்பை 24.04 பதிப்பாக உயர்த்தும் வேலையைத் தொடக்கிவிட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். தேவையான பொதிகள் யாவும் இணையத்திலிருந்து இறங்கி முடிந்து, பழையவற்றின் இடத்தில் புதியவை ஒவ்வொன்றாக அமர்ந்துகொண்டிருந்தன. பதினொன்றரை மணியளவில் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் தொடுகையுற்றதால் நாடு முழுவதுமே மின்சாரத்தை இழந்தது என்பதைப் பிற்பாடு செய்தியில் அறிந்தேன். செய்தித் தொழிலில் எத்தனையோ காரணங்களுக்குத் தலைப்பிட்டவன் நான். குரங்குக்குத் தலைப்பிடும் வாய்ப்பு மட்டும் வந்ததில்லை.

குரங்கைக் குறை கூறிப் பயனில்லை. அந்தக் கணினிக்கு யூபிஎஸ் பூட்டாதது என் தவறு. வன்தட்டில் இருந்தவற்றுக்குப் பிரதி எடுத்து வைக்காமல் இவ்வேலையில் இறங்கியது அதனினும் பெரிய தவறு.

மின்சாரம் மீண்டதும் கணினியை இயக்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சில வரிகள் ஓடி அப்படியே நின்றன. மறுநாட் காலை, கணினி திருத்தும் இளைஞர் ஒருவரை அழைத்தேன். திரையை ஒரு தடவை பார்த்தார்.

"ஐயா, இதுக்கு மினக்கெட வேணாம். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடுவம். ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிரும்."

"அதுக்குள்ள என்ட இருவது வருசம் கிடக்கு மனே," என்றேன்.

அது மிகையன்று. அந்த வன்தட்டில் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் வீடிழந்த முதியவர்களின் வாக்குமூலங்கள் இருந்தன. கூத்து அண்ணாவிமார் சிலருடன் நான் நடத்திய உரையாடல்களின் ஒலிப்பதிவுகள் இருந்தன. 2004 டிசம்பர் 26க்குப் பின்னான வாரங்களில் இந்தக் கடற்கரையில் நடந்து நடந்து எழுதிய குறிப்புகள் இருந்தன. பலவும் ஒருங்குறிக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவை. சொன்னவர்களில் பலர் இன்று இல்லை. இன்னொரு தடவை கேட்டு எழுத முடியாது.

அந்த இளைஞரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவரது மேசையில் ஏழெட்டு இயந்திரங்கள் காத்திருக்கின்றன. ஒரு பழுதைத் தேடி நாள் முழுதும் செலவிட்டால் அதற்குரிய கூலியைக் கொடுப்பவர் ஊரில் எத்தனை பேர்? வன்தட்டே பழுதாகிவிட்டால், அல்லது கோப்புகள் வேறிடத்தில் பத்திரமாக இருந்தால், புதிதாக நிறுவுவதே புத்திசாலித்தனம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'அழித்துவிட்டுத் தொடங்குவோம்' என்பது நமது முதலாவது மருந்தாகிவிட்டதே, அதைத்தான் மறுக்கிறேன். வெற்றிலைத் தோட்டத்தில் ஒரு கொடி வாடினால், இந்த ஊரில் எவரும் தோட்டத்தையே பிடுங்குவதில்லை. வேரைப் பார்ப்பார்கள், நீரைப் பார்ப்பார்கள், இலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். கணினி விடயத்தில் மட்டும் ஏன் அந்தப் பொறுமை நம்மைவிட்டுப் போய்விடுகிறது?

நின்றுபோன லினக்ஸ் பெரும்பாலும் இறந்துபோன லினக்ஸ் அல்ல. உபுண்டு, தெபியன் வகை இயங்குதளங்களில் டிபிகேஜி என்னும் நிரலே பொதிகளை நிறுவுகிறது. அது நல்ல கணக்கப்பிள்ளை போன்றது. எந்தப் பொதி பிரிக்கப்பட்டது, எது பாதி அமைக்கப்பட்டது, எது முழுமையாக நிறுவப்பட்டது என்று ஒவ்வொரு படியையும் தன் ஏட்டில் பதிந்துகொண்டே போகும். நடுவில் மின்சாரம் போனால் வேலை நிற்கும். ஏடு இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னால் தொடரும்.

நான் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் இன்னொரு கணினியில் தயாரித்த யூஎஸ்பி குச்சியிலிருந்து உபுண்டுவை நிறுவாமலே இயக்கி, என் கோப்புகள் முழுவதையும் வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதி எடுத்தேன். எந்தத் திருத்தத்துக்கும் முன் செய்ய வேண்டியது இதுவே. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுவிட்டதால் 10ஆம், 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணித்தியாலச் சுழற்சி மின்வெட்டு. ஆகவே காலை வேளைகளில் மட்டுமே வேலை செய்தேன்.

அடுத்து, கணினி எழும்போது தோன்றும் கிரப் பட்டியலில் 'மேலதிகத் தெரிவுகள்' பகுதிக்குச் சென்று, பழைய கேர்னலின் மீட்பு நிலையைத் தெரிந்தேன். புதிய கேர்னல் அரைகுறையாக நிறுவப்பட்டிருந்ததாலேயே இயந்திரம் எழவில்லை. பழையது சேதமின்றி இருந்தது. மீட்புப் பட்டியலிலேயே உடைந்த பொதிகளைச் சீராக்கும் தெரிவு ஒன்று உண்டு. நான் முனையத்துக்குச் சென்று, நிலுவையில் உள்ள பொதிகள் அனைத்தையும் அமைத்து முடிக்குமாறு டிபிகேஜிக்கு நேரடியாகவே கட்டளையிட்டேன். வரிகள் ஓடின. மகிழ்ந்தேன். பின்னர் மீண்டும் நின்றது.

அரை மணித்தியாலம் காத்திருந்தேன். அசைவில்லை. அந்த இளைஞர் சொன்னதே சரியோ என்று மனம் தளர்ந்த வேளையில்தான் கடைசி வரியை உண்மையாக வாசித்தேன். அது ஒரு கேள்வி! அச்சுப்பொறிக்கான அமைவுக் கோப்பு ஒன்றை முன்னொரு காலத்தில் எனக்காக யாரோ திருத்தியிருக்கிறார்கள். திருத்தியதையே வைத்திருக்கவா, புதிய பதிப்புடன் வந்ததைப் போடவா, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் காட்டவா என்று இயந்திரம் என்னைக் கேட்டுவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்தது. வாழ்நாளில் பாதியை அச்சுப்படி திருத்துவதில் கழித்தவன், கண்முன் நின்ற கேள்விக்குறியைக் காணவில்லை. ஓரெழுத்தைத் தட்டினேன். பழையதே இருக்கட்டும். வேலை தொடர்ந்தது.

லினக்ஸ் மேம்படுத்தல் 'உறைந்துவிட்டது' என்று முறையிடுவோர் முதலில் பார்க்க வேண்டியது இதனைத்தான். சாளரத்தின் அடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் முனையப் பகுதியை விரித்துப் பாருங்கள், அங்கே ஒரு கேள்வி காத்திருக்கலாம். இல்லையேல் கேர்னலுக்குரிய பூட் பிரிவில் பழைய கேர்னல்கள் குவிந்து இடமில்லாதிருக்கலாம். அல்லது பின்னணியில் வேறொரு நிரல் பொதிகளைப் பூட்டி வைத்திருக்கலாம். அப்போது பூட்டுக் கோப்பை அழிப்பது ஆபத்து, அந்த நிரல் முடியும்வரை பொறுப்பதே முறை. நடந்தவை யாவும் 'லாக்' என்னும் கோப்புறையினுள் 'டிஸ்ட்-அப்கிரேட்' என்ற பெயரில் நாட்குறிப்பாகக் கிடக்கும். பொலிஸ் நிலையத் தகவல் புத்தகத்தைப் புரட்டாமல் குற்றச் செய்தி எழுதும் நிருபரை எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார்.

இதை இப்போது எழுதக் காரணமுண்டு. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு முடிவுற்றது. பதினொன்றுக்கு மாறத் தகுதியற்ற பழைய கணினிகள் நமது வீடுகளிலும் பாடசாலைகளிலும் ஏராளம். அவற்றை எறிய மனமில்லாதோருக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. உபுண்டு இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை நீண்டகால ஆதரவுப் பதிப்பொன்றை வெளியிட்டு, ஐந்து ஆண்டுகள் இலவசமாகப் பராமரிக்கிறது. ஆகவே நான் பட்ட பாட்டை நாளை பலரும் படக்கூடும்.

நம்மவரால் இது முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆழிப்பேரலை வந்த சில நாட்களுக்குள், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்யும் சஹானா என்னும் கட்டற்ற மென்பொருளை இலங்கைத் தன்னார்வலர்களே ஆக்கினார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் காத்து வருகிறது. திறமைக்குக் குறைவில்லை. திரையில் தோன்றும் பிழைச் செய்தியை நிதானமாக வாசிக்கும் பழக்கத்துக்கே குறைவு. அச்செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதும் ஒரு தடை. அவற்றைத் தமிழாக்கும் பணியில் எவரும் சேரலாம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள், இயங்கும் கணினியோடு இயங்காத ஒன்றையும் மாணவர் முன் வைத்து, "அது என்ன சொல்கிறது, வாசி" என்று ஒரு பாடவேளையைத் தந்தாற்கூடப் போதும்.

12ஆம் திகதி, பௌர்ணமி விடுமுறை. அன்று மின்வெட்டு இல்லை. எஞ்சிய பொதிகளும் அமர்ந்து முடிய, கணினி புதிய பதிப்பில் எழுந்தது. பாமினியில் இருந்த சூறாவளிக் குறிப்பொன்றைத் திறந்து பார்த்தேன், எழுத்து மாறாமல் இருந்தது. மாலையில் அந்த இளைஞரை அழைத்து நாட்குறிப்புக் கோப்பைக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.