கூட்டுத்தொகைக்குள் மறைந்த குறை

வீரரைப் போற்றுவது ஒன்று. வீரத்தை அறிவது மற்றொன்று. முன்னதற்குக் கை தட்டினால் போதும். பின்னதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் போற்றுதல் மலிந்திருக்கிறது; அறிதல் அருகியிருக்கிறது. இதனால் கெடுவது நம் அறிவு மட்டுமன்று, வீரர்களின் வாழ்வும்தான் என்பது என் கருத்து. ஒரு பெண்ணின் இரண்டு நாள் உழைப்பைச் சான்றாக வைத்து அதை விளக்க முயல்கிறேன்.

ஓட்டமும் உடல் வலிவும் ஒருங்கே வேண்டப்படும் போட்டிகளைப் பற்றி இன்று மாணவர் விடுதிகளில் பேச்சு மிகுந்திருக்கிறது. 2017-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தொடங்கிய ‘ஹைராக்ஸ்’ என்னும் பந்தயம் 2025-இல் மும்பைக்கும் வந்துவிட்டது. அதில் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடியவுடன் உடல் வலிவைச் சோதிக்கும் ஒரு வேலையைச் செய்ய வேண்டும். மறுபடியும் ஓட வேண்டும். இப்படி எட்டு முறை. பளு ஏற்றிய சட்டத்தைத் தள்ளுவதும், அதையே கயிற்றால் இழுப்பதும், மணல்மூட்டையைத் தோளில் சுமந்தபடி முழங்கால் மடித்து நடப்பதும் அவ்வேலைகளுள் சில. இந்தப் பந்தயத்தில் வெல்பவர் ஓட்டக்காரரா, பலசாலியா என்று நண்பர்கள் விவாதிக்கிறார்கள். நல்ல விவாதந்தான், ஆனால் புதிய விவாதமன்று. 1984 முதல் ஒலிம்பிக்கில் நடந்துவரும் பெண்களுக்கான எழுவகைப் போட்டி, அதாவது ஹெப்டத்லான், இதே கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. அதற்கு விடை காணும் வழியும் அதன் புள்ளிப் பட்டியலிலேயே இருக்கிறது.

2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஸ்வப்னா பர்மன் இப்போட்டியில் தங்கம் வென்றார். எழுவகைப் போட்டியில் ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. வங்காளத்தின் ஜல்பாய்குரியைச் சேர்ந்தவர். தந்தை சைக்கிள் வண்டி இழுத்தவர், தாய் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அவருடைய ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். போட்டியின்போது பல்வலி, தாடையில் கட்டுப் போட்டுக்கொண்டே ஓடினார், தாண்டினார், எறிந்தார். இவ்வளவும் நாடறிந்த செய்தி. அந்தக் கட்டுப் போட்ட முகம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

ஆனால் அவர் எவ்வளவு தூரம் எறிந்தார், எவ்வளவு உயரம் தாண்டினார் என்று நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? பல்வலியை நினைவில் வைத்திருக்கிறோம். ஈட்டி சென்ற தூரத்தை மறந்துவிட்டோம். இது போற்றுதலா, இரங்குதலா?

பட்டியலைப் பார்ப்போம். முதல் நாள்: 100 மீட்டர் தடையோட்டம் 13.98 விநாடி, 981 புள்ளி. உயரம் தாண்டுதல் 1.82 மீட்டர், 1003 புள்ளி; குண்டெறிதல் 12.69 மீட்டர், 707 புள்ளி. 200 மீட்டர் ஓட்டம் 26.08 விநாடி, 790 புள்ளி. இரண்டாம் நாள்: நீளம் தாண்டுதல் 6.05 மீட்டர், 865 புள்ளி. ஈட்டி எறிதல் 50.63 மீட்டர், 872 புள்ளி. 800 மீட்டர் ஓட்டம் 2 நிமிடம் 21.13 விநாடி, 808 புள்ளி. ஆகக் கூடுதல் 6026.

கடைசி ஓட்டத்துக்கு முன் அவர் கையிலிருந்தவை 5218 புள்ளிகள். ஆறாயிரத்தைத் தொட 782 புள்ளி வேண்டும். அதாவது 800 மீட்டரை ஏறத்தாழ 2 நிமிடம் 23 விநாடியில் ஓடி முடிக்க வேண்டும். ஆறு போட்டிகள் முடித்த உடம்போடு, அதைவிட இரண்டு விநாடி குறைவாகவே ஓடி முடித்தார். இரண்டாமிடம் பெற்ற சீனப் பெண் வாங் சிங்லிங் எடுத்தவை 5954. வேறுபாடு 72 புள்ளிதான். தடையோட்டம் முதல் கடைசி ஓட்டம் வரை எங்கேனும் ஓரிடத்தில் கால் இடறியிருந்தாலும் தங்கம் கைநழுவியிருக்கும்.

இனி, இந்தக் கூட்டுத்தொகையைப் பிரித்துப் பார்ப்போம். அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனை ஜாக்கி ஜாய்னர்-கெர்சி படைத்த உலகச் சாதனை 7291. அதற்கும் ஸ்வப்னாவின் 6026-க்கும் இடையே 1265 புள்ளிகள். “உலகத்தின் உச்சியோடு ஒப்பிடுவது நேர்மையா?” என்று சிலர் கேட்கலாம். தாழ்த்திக் காட்டுவதற்காக ஒப்பிட்டால் நேர்மையன்று. மருத்துவர் நோயாளியின் நாடியை நலமுள்ளவன் நாடியோடு ஒப்பிடுகிறாரே, அது அவமதிப்பா? குறை எங்கே என்று காண்பதற்குத்தான் ஒப்பிடுகிறார்.

ஒப்பிட்டால் என்ன தெரிகிறது? ஈட்டி எறிதலில் ஜாக்கி எறிந்தது 45.66 மீட்டர். நம் ஸ்வப்னா அவரை ஏறத்தாழ ஐந்து மீட்டர் விஞ்சியிருக்கிறார்! 96 புள்ளி கூடுதல். உயரம் தாண்டுதலில் ஜாக்கி தாண்டியது 1.86, நான்கே சென்டிமீட்டர் வேறுபாடு, 51 புள்ளி மட்டுமே குறைவு. குண்டெறிதலில் 208, தடையோட்டத்தில் 191, கடைசி ஓட்டத்தில் 179 குறைகின்றன. ஆனால் 200 மீட்டர் ஓட்டத்தில் 333 புள்ளி, நீளம் தாண்டுதலில் 399 புள்ளி! இவ்விரண்டும் சேர்ந்து 732. மொத்தக் குறையில் பாதிக்கும் மேற்பட்டது இவ்விரண்டு இடங்களிலேயே ஒளிந்திருக்கிறது.

இவ்விரண்டுக்கும் பொதுவானது எது? வேகம். நீளம் தாண்டுபவர் ஓடிவரும் வேகமே அவரைக் காற்றில் கொண்டு செல்கிறது. தடையோட்டத்தில் நுட்பம் வேகக் குறையை ஓரளவு மறைத்துவிடும். தடையில்லாத 200 மீட்டரில் மறைப்பதற்கு இடமில்லை. பட்டியலில் மிகக் குறைந்த எண் குண்டெறிதலின் 707. அதைக் கண்டவுடன், “கையில் வலிவு போதவில்லை, பளு தூக்கச் சொல்லுங்கள்” என்று தீர்ப்புக் கூறத் தோன்றும். அத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பு. குண்டை ஒரு மீட்டர் கூடுதலாக எறிந்தால் கிடைப்பவை 66 புள்ளிகள். 200 மீட்டரில் ஒரு விநாடி குறைந்தால் கிடைப்பவை ஏறத்தாழ 90. அதே வேகம் நீளம் தாண்டுதலில் 30 சென்டிமீட்டரைக் கூட்டினால் இன்னும் 94. இவ்விரண்டையும் 6026-உடன் சேர்த்தால், 2004-இல் புதுதில்லியில் ஜே. ஜே. ஷோபா எடுத்த 6211-ஐ ஏறக்குறையத் தொட்டுவிடலாம். ஆக, ஸ்வப்னாவுக்குக் குறைந்தது வலிவு அன்று, வேகம்.

இங்கேதான், தோழர்களே, அந்த ஆறு விரல்களை நினைத்துப் பார்க்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் ஓட்டக் காலணி ஐந்து விரல் கால்களுக்காகச் செய்யப்பட்டது. அதற்குள் ஆறு விரல்களைத் திணித்தால் அழுத்தும். ஓடும்போதும் தாண்டி இறங்கும்போதும் வலிக்கும். அவர் வலியோடு போட்டியிட்டதைப் பத்திரிகைகள் எழுதின. நாமும் படித்து உருகினோம். ஆனால் எந்தப் போட்டிகளில் கால் மண்ணை வேகமாக உதைக்க வேண்டுமோ, அந்தப் போட்டிகளில்தான் புள்ளிகள் பெரிதும் குறைந்திருக்கின்றன என்று எத்தனை பேர் கண்டோம்? காலணி ஒன்றே காரணம் என்று நான் சொல்லத் துணியவில்லை. பயிற்சியும், காயங்களும், பிறவி இயல்பும் சேர்ந்தே வேகத்தை நிர்ணயிக்கின்றன. ஆயினும் பட்டியலைப் படித்தவன் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “இந்தப் பெண்ணின் காலுக்கு அளவெடுத்து ஒரு ஜோடி காலணி ஏன் செய்து தரவில்லை?”

அக்கேள்வி தங்கம் வென்ற பிறகுதான் நாட்டின் காதில் விழுந்தது. அதன் பின்னரே அவருக்கென்று தனிக் காலணி செய்யும் ஏற்பாடும் நடந்தது. வென்றவருக்குக் காலணி கிடைத்தது, நன்று. ஆனால் காலணி இல்லாததால் வெல்லாமலே போனவர்கள் எத்தனை பேரோ! இரக்கம் பதக்கத்துக்குப் பின் வருகிறது. ஆராய்ச்சியோ பதக்கத்துக்கு முன் வரக்கூடியது. இரண்டில் வீரருக்குப் பயன் தருவது எது என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

சிறு குறைகளுக்கு என்ன மதிப்பு என்று ஐயுறுவோர் 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டைப் பார்க்கட்டும். அங்கே மூன்றாமிடம் பெற்ற நந்தினி அகசராவுக்கு 5712 புள்ளிகள். நான்காமிடம் பெற்ற ஸ்வப்னாவுக்கு 5708. நான்கு புள்ளிகள் என்பது 800 மீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரந்தான்! பதக்கத்துக்கும் வெறுங்கைக்கும் இடையே நின்றது அவ்வளவே.

“துன்பக் கதைகளால் பலருக்கு ஊக்கம் பிறக்கிறதே, அதை ஏன் பழிக்கிறாய்?” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கதையை நான் பழிக்கவில்லை. கதையோடு நின்றுவிடுவதையே பழிக்கிறேன். வறுமையிலிருந்து வந்தார் என்று சொல்லிப் பெருமூச்சு விடுவதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். அந்தப் பெண் நம்மிடம் பெருமூச்சைக் கேட்கவில்லை. ஏழு எண்களை நம்முன் வைத்தார். அவற்றைப் படிப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

இனி நம் செய்திக்கு வருகிறேன். ஹைராக்ஸில் கலந்துகொள்ள விரும்பும் நண்பர்கள் மொத்த நேரத்தை மட்டும் பேசுகிறார்கள். அப்பந்தயத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே நேரம் குறித்துத் தருகிறார்கள். முதல் கிலோமீட்டரையும் எட்டாவது கிலோமீட்டரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சட்டத்தைத் தள்ளிய பின் ஓட்டம் எவ்வளவு தளர்ந்தது என்று பாருங்கள். பளுவைத் தள்ளுவதில் மிச்சம் பிடித்த அரை நிமிடத்தை, அதனால் களைத்த கால்கள் அடுத்த ஓட்டத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டனவா என்று கணக்கிடுங்கள். ஓட்டக்காரரா, பலசாலியா என்னும் விவாதத்துக்கு விடை உங்கள் தாளிலேயே கிடைக்கும்.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். விளையாட்டு விழா முடிந்ததும் வென்றவர் பெயரை மட்டும் இவ்விதழில் அச்சிடாமல், ஓடிய அனைவருடைய நேரத்தையும், எறிந்த அனைவருடைய தூரத்தையும் அச்சிடுவோம். சென்ற ஆண்டின் எண்ணையும் பக்கத்தில் வைப்போம். கடைசியாக வந்த ஒருவர் தம் பழைய நேரத்தைவிட இரண்டு விநாடி முன்னேறியிருப்பார்; அது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். எந்த மாணவருக்கு நல்ல காலணி இல்லை, எவருக்குப் பயிற்சி இல்லை என்பதும் அந்தப் பட்டியலிலிருந்து மெல்லத் தெரியவரும். தெரிந்தால் வெல்லும்வரை காத்திராமல் முன்கூட்டியே உதவலாம். அதற்கு ஒரு பக்கத் தாளும் கொஞ்சம் பொறுமையும் போதும்; அடுத்த இதழிலேயே தொடங்குவோம்.