ஆணழகன் சரி... பொண்ணுக்கு எதுக்கு இவ்வளவு கை?

ஹைதராபாத்தில் நம்ம ஜனங்கள் நாலு பேர் கூடுகிற இடம் எதுவானாலும், அது பத்மாராவ் நகர் கோயிலோ கொண்டாப்பூர் அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸோ, எப்போதாவது ஒருத்தர் கைப்பேசியில் கிரண் டெம்ப்ளாவின் படம் எட்டிப் பார்க்கும். உடனே மூன்று வாக்கியங்கள் வரிசை மாறாமல் வரும். "அடேயப்பா!" "ரெண்டு பிள்ளைக்கு அம்மாவாம்!" கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இருந்தாலும் பொம்பளைக்கு எதுக்குங்க இவ்வளவு கை?"

எனக்குச் சண்டை இந்த மூன்றாவது வாக்கியத்தோடு. (இரண்டாவதோடும் கொஞ்சம் உண்டு.)

தெரியாதவர்களுக்காக: கிரண், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். நம்மைப் போலவே வெளியூர்க்காரர். வீடு, குழந்தைகள், மூளையில் ரத்தக்கட்டி, மருந்து, கன்னாபின்னாவென்று ஏறிய எடை. முப்பதைத் தாண்டித்தான் ஜிம்முக்கே போனார். 2013-ல் புடாபெஸ்டில் நடந்த உலக உடற்கட்டுப் போட்டியில் இந்தியாவுக்காக மேடையேறி ஆறாவது இடம் பிடித்தார். அவரைப் பற்றி வந்த செய்திகளைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் "இரண்டு குழந்தைகளின் தாய்" என்றுதான் ஆரம்பிக்கும். எந்த ஆணழகனைப் பற்றியாவது "இரண்டு குழந்தைகளின் தகப்பன்" என்று தலைப்பு போட்டிருக்கிறார்களா? பைசெப்ஸைக் காட்டுவதற்கு முன்னால் பெண் என்பதற்கு சர்டிபிகேட் காட்ட வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

நம்ம தமிழும் இதில் ஓரவஞ்சனைதான். ஆண் தசை வளர்த்து மேடையேறினால் ஆணழகன் போட்டி, ஊரெல்லாம் போஸ்டர். தசையே அழகு என்று அந்தச் சொல்லிலேயே வைத்துவிட்டோம். அழகிப் போட்டி என்றால் சமாச்சாரமே வேறு. அதே டம்பெல்லைத் தூக்கிய பெண்ணுக்கு ஒரு சொல் சொல்லுங்கள் பார்ப்போம். பெண் ஆணழகனா? :-)

சரி, வேடிக்கை பார்க்கிற நமக்குத்தான் புத்தியில்லை, அந்தத் துறையில் இருக்கிறவர்களாவது ஒழுங்கா என்றால், அங்கே இன்னும் மோசம். 1983-ல் லாஸ் வேகஸில் ஒரு போட்டி. ஆஸ்திரேலியாவிலிருந்து பெவ் பிரான்சிஸ் என்று ஒரு பவர்லிஃப்டர் வந்தார். அந்த மேடையில் அவரளவு தசை வேறு எந்தப் பெண்ணுக்கும் இல்லை. நடுவர்கள் உட்கார்ந்து 'பெண்மை' என்றால் என்ன என்று வாதாடினார்கள், அவருக்குக் கிடைத்தது எட்டாவது இடம். 1985-ல் வந்த 'பம்பிங் அயர்ன் 2' ஆவணப்படத்தில் இந்தக் கூத்து பதிவாகியிருக்கிறது.

இதையாவது பழைய கதை என்று விடலாம். 2004 டிசம்பரில் சர்வதேச உடற்கட்டுக் கூட்டமைப்பின் தொழில்முறைப் பிரிவு பெண் போட்டியாளர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அழகுக்காகவும் ஆரோக்கியத்துக்காகவும் தசையை இருபது சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். எதில் இருபது? எடையிலா, கைச் சுற்றளவிலா, எந்த டெய்லரின் டேப்பால் அளப்பது? அதே வருஷம் ரோனி கோல்மன் 130 கிலோவுக்கு மேல் எடையோடு நின்று மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வாங்கினார். அவருக்கு அப்படி ஒரு கடிதம் போகவில்லை. பெண்களுக்கான மிஸ் ஒலிம்பியாவோ 2014-க்குப் பிறகு நின்றே போய், 2020-ல்தான் திரும்பி வந்தது. இடையில் பிகினி பிரிவுக்குக் குறைவில்லை. அதற்கு ஹை ஹீல்ஸ் கட்டாயம்.

இந்த ஊர் ஐஐடி கோச்சிங் சென்டர் ஒன்றில் போய், "நல்லாப் படிம்மா, ஆனா ரொம்ப மார்க் வாங்கிடாதே, பார்க்க நல்லா இருக்காது" என்று சொல்லிப் பாருங்கள். பெற்றோர் அடிக்க வருவார்கள்.

"அதெல்லாம் ஸ்டீராய்டுங்க" என்று ஒரு வாதம் வரும். அதைத் தள்ளிவிட மாட்டேன். பெண்கள் அந்த மருந்தை எடுத்தால் குரல் தடிக்கும், முகத்தில் முடி வளரும், மருந்தை நிறுத்தினாலும் குரல் பழையபடி திரும்பாமல் போகலாம். அப்படியானால் மருந்தைச் சோதியுங்கள், ஆண்களையும் சேர்த்து. கண்ணால் பார்த்து "பெண்மை போதவில்லை" என்பது எந்த லேப் டெஸ்ட்?

இதே ஹைதராபாத்தில் பயிற்சி எடுத்த ஒடிசாப் பெண் டூட்டி சந்தைப் பாருங்கள். 2014-ல் உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன் அதிகம் என்று காமன்வெல்த் போட்டிக்குப் போகவிடாமல் தடுத்தார்கள். அவர் வழக்குப் போட்டார். 2015-ல் விளையாட்டுக்கான நடுவர் மன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. பின்னாளில், 2023-ல், தடை செய்யப்பட்ட மருந்து உடம்பில் இருந்ததற்காக அதே டூட்டிக்கு நான்கு வருஷத் தடை. இரண்டாவது தண்டனையோடு எனக்குத் தகராறு இல்லை. முதலாவதில், அவர் செய்த தப்பு பிறந்தது மட்டும்தான்.

நம்ம புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனுக்கு அந்த நீதிமன்றம்கூடக் கிடைக்கவில்லை. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி, பிறகு ஒரு பாலினச் சோதனை, பதக்கம் பறிபோனது. கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் அத்தனை தூரம் ஓடி வந்ததை மறந்து, அவள் பெண்ணா என்று தேசமே டீக்கடையில் பேசியது.

சிரிக்கவும் ஒன்று இருக்கிறது. 2023 மார்ச்சில் மத்தியப் பிரதேசம் ரத்லாமில் உடற்கட்டுப் போட்டி. மேடையில் அனுமார் சிலை, அதன் முன்னால் பெண்கள் பிகினியில் தசையைக் காட்டினார்கள். காங்கிரஸ்காரர்கள் வந்து கங்கை நீர் தெளித்து, அனுமான் சாலீசா சொல்லி இடத்தைச் சுத்தம் செய்தார்கள். நாமக்கல்லில் நின்று அண்ணாந்து கும்பிடும்போது நாம் பார்ப்பது அந்தத் தோளைத்தானே? அவருக்கு என்ன ஆட்சேபணை இருக்கப் போகிறது!

இதெல்லாம் எங்கேயோ மேடையில் நடப்பது, நமக்கென்ன என்று கேட்காதீர்கள். அந்த நடுவர் நம் வீட்டு ஹாலிலும் உட்கார்ந்திருக்கிறார். வெயிலில் விளையாடினால் கறுத்துப் போவாய், யார் கட்டிக்கொள்வார்கள் என்று சின்ன வயதில் சொன்னார்கள் என்று இந்த ஊர் சானியா மிர்சாவே சொல்லியிருக்கிறார். நாம் பெண்ணை நீச்சலுக்கு அனுப்புவோம், தோள் அகலமானதும் பரதநாட்டியத்துக்கு மாற்றுவோம். பளு தூக்கினால் பயில்வானாகிவிடுவாள் என்று பயம். பெண்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வாரம் மூன்று நாள் ஸ்குவாட் செய்து யாரும் ரோனி கோல்மன் ஆனதில்லை. நாலு வருஷமாகத் தூக்குகிறேன், எனக்கு ஆகவில்லையே! ஐம்பது வயதுக்கு மேல் நம் அம்மாக்கள் பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுக்கிறார்களே, எலும்பு தேயாமல் காப்பதற்குப் பளு தூக்குவதும் ஒரு வழி. கும்பகோணத்திலிருந்து என் அம்மா வீடியோ காலில் "தோள் அகண்டு போச்சேடி" என்று புலம்பும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். கேட்டால்தானே.

எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு பெண், வயது இருபத்தைந்து, கச்சிபௌலியில் வேலை. எழுபது கிலோ டெட்லிஃப்ட் செய்வாள். வரன் பார்க்கிறார்கள். ஜாதகத்தோடு அனுப்பும் போட்டோவில் கை தெரியக் கூடாதென்று, இந்த மே மாத வெயிலில், முழுக்கை ரவிக்கை போட்டு நிற்க வைத்திருக்கிறார் அவள் அம்மா.

"மாமி, கேஸ் சிலிண்டர் தீர்ந்தா யார் மாத்துவா?" என்று கேட்டேன். நிரம்பின சிலிண்டர் முப்பது கிலோ வரும்.

"அவதான். உங்க மாமாவுக்கு முதுகு வலி."

அப்போ போட்டோவை மாத்துங்க மாமி.