சிலமலைக்கு எத்தனை எழுத்து?

நாலுன்னு எங்க ஊர் ஒண்ணாப்புப் பையன் சொல்லிடுவான். பைத்தான் 3-ல லென்() போட்டா ஆறுங்குது! யுனிகோடில் 'சி' என்பது சகரம், இகரக் குறின்னு ரெண்டு குறியீடு, 'லை'யும் அப்படித்தான். இது கணினியோட தப்பு இல்லைங்க.. தப்பு நம்ம பழக்கத்துல.

குறுக்கெழுத்துக்கு நான் எழுதின நிரல்ல, எழுத்தெண்ணுற பத்து வரியை அஞ்சு கோப்புல வெட்டி ஒட்டியிருந்தேன். மெய்யெழுத்தோட புள்ளியையும் தனி எழுத்தா எண்ணுதுன்னு ஒருநாள் தெரிஞ்சுது. நாலுல திருத்திட்டு அஞ்சாவதை மறந்துட்டேன். கட்டம் பல்லிளிச்சுது. மாறிகளுக்குப் பேரு வேற அ1, அ2.. எழுதின எனக்கே விளங்கலை :-(

"ஓடுதுல்ல, விடு"ங்கிறதுதான் நம்மாளுங்க தாரக மந்திரம். என்னத்த ஓடுது? ஓப்பன்-தமிழ்னு ஒரு திறமூல நூலகம் இருக்கு. அதுல கெட்_லெட்டர்ஸ்னு ஒரு பங்ஷன், சொல்லை எழுத்தெழுத்தாப் பிரிச்சுக் கொடுக்கும். அதை ஒரே இடத்துல வச்சுக் கூப்பிடுங்க. 'எழுத்தெண்ணிக்கை'ன்னு புரியுற பேரா வைங்க. கூடவே சோதனையும் எழுதுங்க: சிலமலை நாலு, போடி ரெண்டு. 'ஸ்ரீ' ஒண்ணா ரெண்டான்னு சண்டை வரும். வரட்டும், எடுத்த முடிவு சோதனையில பதிவாகட்டும்.

அப்புறம் 'கடைசி', 'கடைசி2', 'நிஜமாவே கடைசி'ன்னு பென்டிரைவ்ல கோப்பு சேர்க்கிற மக்களே.. கிட் 2005லயே வந்தாச்சு சாமி!